கூடத்துக்கு ஒரு குட்டிச் சுமைதாங்கி

இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தினால் சுமைதாங்கி. சுண்ணாம்பு கிடையாது, சிமென்ட் கிடையாது. மேல்கல்லின் கனம்தான் மொத்தத்தையும் பிடித்து நிறுத்துகிறது. அதைத் தோளுயரத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கூடத்தில் வைத்தால், வீட்டு அலங்காரக்காரர்கள் 'புரூட்டலிஸ்ட் ஸ்டோன் காபி டேபிள்' என்று பெரிய விலை சொல்கிறார்களே, அது வந்துவிடும். கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு அதைக் கப்பலில் வரவழைப்பது, ஊத்துக்குளிக்காரர் வெண்ணெய் வாங்க வெளியூர் போன கதைதான்.

'புரூட்டல்' என்ற ஓசையை வைத்து முரட்டுத்தனம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பெயரின் வேர் பிரெஞ்சில் 'பெத்தோன் ப்ரூ', அதாவது பூசாமல் விட்ட கான்கிரீட். கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே பிரான்சின் மார்செய் நகரில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு 1952-ல் முடிந்தது. பலகை அச்சு அப்படியே தெரியும் அதன் சுவர்கள் புரூட்டலிசம் என்ற இந்தக் கட்டடப் பாணிக்கு முன்மாதிரி ஆயின. 1955-ல் ஆங்கிலேய விமர்சகர் ரெய்னர் பேன்ஹம் எழுதிய கட்டுரை பெயரைப் பரப்பியது. நம் நாட்டில் சண்டிகர் சட்டமன்றக் கட்டடத்தைப் பார்த்தால் புரியும். மேசைக்கு இது பிறகுதான் வந்தது. நெதர்லாந்தின் பால் கிங்மா கான்கிரீட்டையும் கல் துண்டுகளையும் சேர்த்து மேசைகள் செய்தார். இத்தாலியின் ஆஞ்சலோ மான்ஜியரோட்டி 1971-ல் 'ஈரோஸ்' வரிசையில், பசையோ ஆணியோ இல்லாமல், பளிங்குப் பலகை தன் கனத்தாலேயே காலில் இறுகி உட்காரும்படி செய்தார். சுமைதாங்கி போட்ட நம்மூர்க் கல்வேலைக்காரருக்கு அது புதுசாகத் தெரிந்திருக்காது.

ஆகவே பழைய கல்லைத் தேடுவதுதான் முதல் வேலை. நடுவில் திறந்த முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடுகள் இடிபடும்போது திண்ணைப் பலகைக்கல், வாசப்படிக்கல், பொடக்காளியில் (புழக்கடையில்) துணி துவைத்த கல், மாடு கட்டும் கட்டுத்தரைத் தண்ணித்தொட்டி, தோட்டத்து வேலிக் கல்லுக்கால் எல்லாம் வெளியே வரும். வீடு இடிக்கிற காண்ட்ராக்டரிடமும் பழைய கட்டடச் சாமான் விற்கும் இடங்களிலும் கிடைக்கும். விலை பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: "ஏனுங்க, இந்தக் கல்லு எங்க கெடந்ததுங்க?" இதைக் கேட்பது ஊர்ப்பெருமை பேச அல்ல. திண்ணையில் கிடந்த கல்லுக்கு வேலை குறைவு. பொடக்காளிக் கல்லில் பல வருசத்துச் சோப்பும் உப்பும் ஏறியிருக்கும். கட்டுத்தரைக் கல் மாட்டு மூத்திரத்தைக் குடித்தது. கூடத்துக்கு வந்து காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும், மழைக்காலத்தில் வாடையும் எழும்பும். அப்படிப்பட்ட கல்தான் கிடைத்தது என்றால் தொட்டியில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினம் தண்ணீரை மாற்றி, ஒரு வாரம் பத்து நாள் விட்டு, வெயிலில் காயவைத்துப் பாருங்கள். மறுபடி பூத்தால் மறுபடி ஊறல். பூப்பது நிற்காமல் எந்த எண்ணெயும் சீலரும் (தண்ணீரும் கறையும் ஏறாமல் காக்கும் பூச்சு) பூசக்கூடாது. பூசினால் உப்பு உள்ளே மாட்டிக்கொண்டு மேல்தோலைப் பொருக்காக உரித்துவிடும்.

எழுத்து வெட்டிய கல், உருவம் செதுக்கிய கல், வீரன் நிற்கும் நடுகல் என்றால் கையை எடுத்துவிடுங்கள். கொங்கில் அவை நிறைய. வயலோரத்திலும் வேலியிலும் கேட்பாரற்றுக் கிடக்கும். நூறு வருசத்துக்கு மேற்பட்ட சிற்பமும் கல்வெட்டும் 1972-ஆம் வருசத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்வதுதான் முறை. சாலையோரத்துச் சுமைதாங்கியையும் தொடவேண்டாம். பிள்ளைத்தாச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டவை அதில் பல.

பழசு என்று சொல்லி விற்பது எல்லாம் பழசல்ல. கல்லின் விளிம்பைப் பாருங்கள். கையால் பிளந்த கல்லில் ஆப்பு இறக்கிய குழிகளின் பாதி, சதுரம் சதுரமாக வரிசையில் தெரியும். கம்ப்ரசர் வைத்துத் துளைத்த கல்லில் கைவிரலைவிடத் தடித்த அரைவட்டக் காடி மேலிருந்து கீழ்வரை நேராக ஓடும். ரம்பத்தில் அறுத்ததானால் ஒரே அளவு இடைவெளியில் கோடுகள். இன்னொரு அடையாளம் தேய்மானம்: ஆள் உட்கார்ந்து தேய்ந்த கல்லில் மேடு வழவழப்பாகவும் குழி கறுத்தும் இருக்கும், அடிப்பக்கம் சொரசொரவென்று இருக்கும். மேடும் குழியும் அடியும் முதுகும் ஒரே பழுப்பில் இருந்தால் ஆசிடோ சாயமோ போட்ட புதுக்கல் என்று சந்தேகப்படலாம். புதுக்கல் தப்பில்லை, பழைய விலை கொடுப்பதுதான் தப்பு. புதுக்கல்லே போதும் என்பவர்கள் அவிநாசி பக்கம் திருமுருகன்பூண்டியில் சிற்பக் கூடங்களைப் பார்க்கலாம். உளிவேலை எப்படி வேண்டும் என்று காட்டிச் செய்துகொள்ள முடியும்.

விரிசல் பார்க்க ஒரு வாளித் தண்ணீர் போதும். கல் முழுக்க நனைத்துத் துணியால் ஒற்றிவிட்டு நில்லுங்கள். மேல்பரப்பு காய்ந்து வெளுக்கும்போது விரிசல் மட்டும் கறுப்புக் கோடாக நிற்கும், அதற்குள் போன ஈரம் சீக்கிரம் வெளியே வராது. அடுத்து, கல்லின் இரண்டு முனைக்குக் கீழும் மரக்கட்டை கொடுத்துத் தூக்கி வைத்து, சின்னச் சுத்தியலால் ஒவ்வோர் அடி தூரத்துக்கும் ஒரு தட்டு. கணீரென்றால் நல்லது. ஓர் இடத்தில் மட்டும் சத்தம் செத்துப்போனால் அங்கே உள்விரிசல். தரையில் கிடக்கிற கல்லைத் தட்டினால் எல்லாமே செத்த சத்தம்தான் கேட்கும், அதை நம்பி நல்ல கல்லைத் தள்ளிவிடக் கூடாது.

எல்லாவற்றையும் நாம் கருங்கல் என்கிறோம். கொங்குத் தரையில் அதிகம் கிடைப்பது வரிவரியாக ஓடும் நைஸ் (gneiss) வகைப் பாறை. அந்த வரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில்தான் மேசையின் ஆயுசு. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் வரிகள் பலகையோடு படுத்திருக்க வேண்டும். செங்குத்தாக நின்றால், அவை நீளவாட்டில் ஓடுகிறதா என்று மேல்முகத்தில் பாருங்கள், ஓடினால் பாதகமில்லை. பலகையின் குறுக்கே, இந்த விளிம்பிலிருந்து எதிர்விளிம்புக்கு வெட்டிக்கொண்டு நின்றால் அந்தக் கல் நடுவில் முறியும் கல், எவ்வளவு தடிமனானாலும் வேண்டாம். கறுப்பு வரியை விரலால் தேய்த்துக் காக்காப்பொன் உதிர்கிறதா என்றும் பார்க்கணும். உதிர்ந்தால் கல் மக்க ஆரம்பித்துவிட்டது.

கடப்பாக் கல்லைப் பழைய கருங்கல் என்று தள்ளிவிடுவதும் நடக்கும். அது சுண்ணாம்புக்கல் இனம். அடிப்பக்கத்தில் ஒரு துளி எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பத்து நிமிசம் கழித்துத் துடைத்தால், பட்ட இடம் வெளுத்து மங்கியிருக்கும். மோரும் புளிக்குழம்பும் சிந்துகிற வீட்டில் அது ஒரு வருசத்தில் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும்.

கனக் கணக்குக்கு வருவோம். கருங்கல்லுக்கு ஒரு சதுர அடி, ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய 6.4 கிலோ. இதை மனதில் வைத்துக்கொண்டால் கல்லைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லலாம். 4 அடிக்கு 2 அடி, 3 அங்குலப் பலகை என்றால் 8 பெருக்கல் 3 பெருக்கல் 6.4, அதாவது 154 கிலோ. ஆறடி சோபாவுக்கு முன்னால் இந்த அளவு சரியாக இருக்கும். சோபாவின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது பொதுக்கணக்கு. உயரம் சோபாவின் மெத்தைக்குச் சமமாகவோ ஓரிரு அங்குலம் தாழ்வாகவோ, 15 அங்குலத்தை ஒட்டி. சோபாவுக்கும் மேசைக்கும் நடுவில் ஒன்றரை அடி விடுங்கள். மரமேசையை முழங்காலால் தள்ளிவிட்டுப் போகலாம், இதை முடியாது.

காலுக்கு எங்கள் தேர்வு வேலிக் கல்லுக்கால்தான். 6 அங்குலச் சதுரத்தில் ஆறடிக் கால் ஒன்று கிடைத்தால், 18 அங்குலத்தில் நான்கு துண்டு வரும். இரண்டிரண்டாகப் படுக்கைவாட்டில் அடுக்கினால் 18 அங்குல அகலமும் 12 அங்குல உயரமுமாக இரண்டு கால் தயார். துண்டுக்கு 29 கிலோ, ஆக நான்குக்கும் 115. பலகையோடு சேர்த்து மேசை 270 கிலோ. கால் மேலே சிறுத்துக்கொண்டு போகும் என்பதால் வாங்கும்போது சிறுத்த முனையை அளந்துகொள்ளுங்கள், கொஞ்சம் நீளம் கூடுதலாகவும் இருக்கட்டும். துண்டு போட 4 அங்குல கிரைண்டர் பிளேடு முழு ஆழத்துக்கு இறங்காது. நான்கு பக்கமும் ஓர் அங்குல ஆழத்துக்குக் கோடு இழுத்து, கோட்டில் உளி வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினால் கல் தானே விட்டுக்கொடுக்கும். பிறகு விளிம்பில் தெரியும் பிளேடு தடத்தைப் பொளிந்து எடுத்துவிட வேண்டும். அறுத்த பளபளப்பும் நூறு வருசத் தோலும் ஒரே மேசையில் இருந்தால் பொய்ப்பல் கட்டின மாதிரி தெரியும்.

நடுவில் ஒற்றைக்கால் வைத்தால் அழகு என்று ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 18 அங்குலச் சதுரக் கால், அதன்மேல் 154 கிலோ பலகை. 80 கிலோ ஆள் ஒருவர் நுனியில் உட்கார்ந்தால், காலின் விளிம்பிலிருந்து அவர் 15 அங்குலம் வெளியே இருக்கிறார்: 80 பெருக்கல் 15, 1200. எதிர்ப்பக்கம் இழுக்கும் பலகையின் கனம் 154, அதன் மையம் விளிம்பிலிருந்து 9 அங்குலம்: 1386. கதை மயிரிழையில் நிற்கிறது. பலகை 2 அங்குலம்தான் என்றால் 922, ஆளும் கல்லும் சேர்ந்து கவிழும். கூடத்தில் இருக்கிற எந்தப் பலகையிலும் விருந்தாளி உட்காருவார், குழந்தை ஏறிக் குதிக்கும். இரண்டு கால், ஒவ்வொன்றின் வெளிவிளிம்பும் பலகை நுனியிலிருந்து 8 அங்குலம் உள்ளே என்று வைத்தால் அதே ஆளுக்கு 640, கல்லுக்கு 2464. இதில் ஆட்டமில்லை.

கவிழாது, ஆனால் நொடிக்கும். கைவேலைப் பலகையின் அடி சமமாக இருக்காது; நான்கு இடத்தில் தொட்டால் எதிர்மூலைகள் மாறிமாறி ஆடும். ஒரு காலின் இரு முனையில் இரண்டு, மறுகாலின் நடுவில் ஒன்று என்று மூன்றே இடத்தில் உட்காரவைத்தால் எந்தக் கோணல் பலகையும் ஆடாது. அந்த மூன்று இடத்திலும் 5 மில்லிமீட்டர் தடிமனில் ரப்பர் துண்டு. ஆனால் மறுகாலில் ஒரே புள்ளியில் நிற்பதால் ஓரத்தில் உட்கார்ந்தால் சாயப் பார்க்கும். அதற்காக அந்தக் காலின் இரு முனையிலும் உள்ள இடைவெளியை, பலகை உட்கார்ந்த பிறகு, கல் சில்லும் எபாக்சிப் பசையும் வைத்து அடைத்துவிடணும். தூக்கிவிடும் அளவுக்குச் சில்லை அடித்து ஏற்றாதீர்கள், இடைவெளியை நிரப்பினால் போதும். எபாக்சி இறுகும்வரை ஒரு நாள் யாரும் தொடக்கூடாது.

இடைவெளி அடைத்த எபாக்சியைத் தவிரப் பலகைக்கு வேறு பசை தேவையில்லை. அடுக்கிய கால்துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் இருக்க மட்டும் 12 மில்லி துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி, துண்டுக்கு இரண்டு இடத்தில், 14 மில்லித் துளை, மேலும் கீழும் 40 மில்லி ஆழம். சாதா இரும்புக் கம்பி வேண்டாம், துருப்பிடித்து உப்பினால் கல்லையே பிளக்கும். துளைக்கு வைரப் பிட், தண்ணீர் ஊற்றிக்கொண்டே. டிரில்லைச் சுத்தியல் ஓட்டத்தில் போட்டால் அடிப்பக்கம் சில்லுப் பெயரும்.

தரை தாங்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்று வைத்துத்தான் இந்தியத் தரநிலை கணக்குப் போடச் சொல்கிறது. 12-க்கு 14 அடிக் கூடம் என்றால் மொத்தம் 3 டன்னுக்கு மேல். 270 கிலோ என்பது நான்கு பேர் நெருங்கி நிற்பது, அவ்வளவுதான். மரவிட்டம் போட்ட பழைய மச்சு என்றால் பொறியாளர் பார்க்காமல் மேலே ஏற்றாதீர்கள். ஒழுங்காகப் போட்ட கான்கிரீட் தளத்தில் உண்மையில் உடைவது தளமல்ல, டைல். நான்கு மூலையில் மட்டும் கலவை வைத்து ஒட்டிய டைலுக்கு நடுவில் வெற்றிடம் இருக்கும். மேசை வரப்போகும் இடத்தை நாணயத்தால் தட்டிப் பாருங்கள், 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் வந்தால் மேசையை நகர்த்தி வையுங்கள் அல்லது அந்த டைலைப் பெயர்த்து முழுக் கலவையில் பதித்துவிடுங்கள். காலுக்கு அடியில் கறுப்பு ரப்பர் வேண்டாம், பளிங்குத் தரையிலும் வெளிர்க் கல்லிலும் பழுப்புக் கறையாக இறங்கும், பிறகு போகாது.

வண்டியில் பலகையைப் படுக்கப் போடக்கூடாது. 'சின்ன யானை' மினி லாரியில் பழைய டயர் மேல் பக்கவாட்டில் நிறுத்தி, சாய்த்துக் கட்டணும். படுத்திருக்கும் கல் இரண்டே இடத்தில் தாங்கி நிற்கும்போது ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் நடுவில் விட்டுப்போகும். அடுக்குமாடி என்றால் லிப்ட்டின் தகட்டைப் படித்துவிடுங்கள். நான்கு பேர் லிப்ட்டுக்கு 272 கிலோதான். பலகையும் இரண்டு ஆளும் சேர்ந்தாலே அதைத் தாண்டும். கூடத்துக்குள் டைல் மேல் பிளைவுட் விரித்து, ஒன்றரை அங்குலக் குழாய் மூன்றை உருளையாக வைத்து நகர்த்தலாம். காலை முதலில் அதன் இடத்தில் வைத்து, கால்மேல் ஓர் அங்குல மரச்சட்டம் போட்டு, பலகையைச் சட்டத்தின் மேல் இறக்குங்கள். இறக்குகிறவர்கள் விரலை எடுக்க அந்த ஓர் அங்குலம்தான் வழி. பிறகு ஒவ்வொரு முனையாகக் கடப்பாரையால் நெம்பிச் சட்டத்தை உருவலாம். கடப்பாரைக்கும் கல்லுக்கும் நடுவில் மரத்துண்டு ஒன்று.

மேல்பரப்பை எவ்வளவு தேய்ப்பது என்பதில்தான் பெரும்பாலான மேசைகள் கெட்டுப்போகின்றன. பாலிஷ் பட்டறையில் விட்டுவிட்டால் சமையல்கட்டு மேடை மாதிரிக் கண்ணாடியாக்கிக் கொடுத்துவிடுவார்கள். தேவை என்னவோ, டபராவும் தம்ளரும் ஆடாமல் நிற்கணும், அவ்வளவே. தண்ணீர் விட்டு 60, 120, 220 (எண் கூடக் கூட நைசு) என்று வைரப் பேடால் மேடுகளை மட்டும் தடவி எடுத்து நிறுத்துங்கள். 400-க்குப் போனால் மினுக்க ஆரம்பிக்கும். உளிக்குழிகள் அப்படியே இருக்கட்டும். உலர்வாகத் தேய்க்கவே கூடாது. கல்தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது, ஈரவேலைக்கும் என்95 முகக்கவசம் போடுங்கள். மூலையையும் விளிம்பையும் 5 மில்லிக்கு மழுக்கிவிட்டு, பழைய நூல் புடவை ஒன்றை விளிம்பெல்லாம் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டும் இடம் குழந்தையின் கணுக்காலும் மாட்டும் இடம்.

ஒட்டியிருக்கும் சிமென்ட்டை எடுக்க ஆசிட் ஊற்றும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கருங்கல்லில் உள்ள இரும்பை அது இளக்கி, காய்ந்த பிறகு மஞ்சள் கறையாகக் கொண்டுவந்து நிறுத்தும். உளியால் தட்டி எடுங்கள். இரும்புக் கம்பிப் பிரஷும் கூடாது, அதன் துகள் குழியில் தங்கித் துருவாகும். பித்தளை அல்லது நைலான் பிரஷ். தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கறுப்பேற்றும் யோசனை அம்மிக்குச் சரி, மேசைக்கு ஆகாது. சிக்குப் பிடித்து, ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த கல்லில் உள்ளே இறங்கும் வகைச் சீலர் ஒரு கை பூசி, இறங்காமல் மேலே நிற்பதைக் கால்மணி நேரத்துக்குள் துடைத்துவிட்டால் போதும். கல்லின் முகமும் மாறாது.

எண்ணெய்க் கறை விழுந்தால் முல்தானி மட்டியை அசிட்டோனில் குழைத்து அரை அங்குலம் அப்பி, பிளாஸ்டிக் தாள் மூடி ஒரு நாள் விட்டு, பிறகு தாளை எடுத்துக் காயவிட்டுச் சுரண்டுங்கள். ஆழமான கறைக்கு இரண்டு மூன்று தடவை. அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், அடுப்பும் ஊதுபத்தியும் பக்கத்தில் இருக்கக்கூடாது. மஞ்சள் கறைக்குச் சோப்பை அள்ளிப் போட்டால் அது குங்குமமாகச் சிவந்து பயமுறுத்தும். தண்ணீரால் துடைத்துவிட்டு ஜன்னல் வெயில் படவிடுங்கள், மஞ்சள் வெயிலில் தானே வெளுக்கும்.

கல்லே கிடைக்கவில்லை, பாணியின் மூலப்பொருளான கான்கிரீட்டே போதும் என்றால் அதே 4-க்கு 2 அடி, 3 அங்குலப் பலகைக்கு அரை மூட்டைச் சிமென்ட், முக்கால் கன அடிக்குக் கொஞ்சம் மேல் எம்-சாண்ட், அதைப்போல் இரண்டு பங்கு அரை அங்குல ஜல்லி. தண்ணீர் 12 லிட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேலை சுலபம், ஆனால் மேல்பரப்பு புழுதியாக உதிரும். 8 மில்லிக் கம்பி அரை அடிக்கு ஒன்று குறுக்கும் நெடுக்கும், அடியிலிருந்து 20 மில்லி மேலே. அச்சுக்கு இழைக்காத பலகை வைத்தால் அதன் ரேகை அப்படியே கான்கிரீட்டில் பதியும். புதுப் பலகையின் சத்து சிமென்ட்டை இறுகவிடாது என்பதால் முதலில் சிமென்ட் பாலை அடித்துக் காயவைத்துக் கழுவிவிடணும். பத்து நாள் ஈரச்சாக்கு. இது 136 கிலோதான் வரும்.

கல்லோ கான்கிரீட்டோ, பலகை ஏறி ஒரு மாதம் கழிந்ததும் எதிர்மூலைகளில் கைவைத்து அழுத்திப் பாருங்கள். கனத்தில் ரப்பர் அமுங்கியிருக்கும், ஆட்டம் தெரிந்தால் அந்த முனையில் அரை மில்லி ஸ்டீல் தகடு ஒன்றைச் செருகினால் சரியாகிவிடும்.